மிஞ்சிய நேரமும் ஒதுக்கிய நேரமும்

வேலைக்குச் செல்லும் தாய்மார்களைப் பற்றிய பேச்சு எங்கு எழுந்தாலும் 'சமநிலை' என்ற சொல் உடன் வந்துவிடுகிறது. குடும்பத்தையும் பணியையும் தன் சொந்த விருப்பங்களையும் ஒரு பெண் தன் திறமையாலும் பொறுமையாலும் ஒரு சீராக நடத்திச் செல்ல வேண்டும், அவ்வாறு நடத்த இயலாதவரிடம் ஏதோ குறை இருக்கிறது என்ற எண்ணம் அச்சொல்லின் அடியில் ஓடுகிறது. உண்மையில் இது குணத்தைப் பற்றிய கேள்வி என்பதைவிட நேரத்தைப் பற்றிய கேள்வி என்பதே பொருந்தும். எவ்வளவு திறமை வாய்ந்தவருக்கும் நாளொன்றுக்கு 24 மணி நேரமே உண்டு. அந்த நேரத்தில் எதற்கு முதலிடம், எது தள்ளிப்போடத்தக்கது, தள்ளிப்போட வேண்டியவர் யார் என்பவற்றை வீடும் பணியிடமும் அரசும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. வீட்டார் அனைவரும் உண்டு முடித்தபின் பாத்திரத்தில் மிஞ்சியதைத் தாய் உண்பது தமிழ்க் குடும்பங்களில் நெடுங்காலம் இயல்பாகக் கொள்ளப்பட்டது. நேரத்தைப் பொறுத்தவரை அந்த வழக்கம் இன்னும் பல வீடுகளில் நீடிக்கிறது. அலுவலகமும் அடுக்களையும் பிள்ளைகளின் பாடமும் முதியோரின் மருந்தும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பின், இரவில் கண் சொருகும் வேளையில் எஞ்சும் சிறு பொழுதே அவருடைய படிப்புக்கும் எழுத்துக்கும் இசைக்கும் உரியதாகிறது. அந்த மிச்ச நேரம் ஒதுக்கிய நேரமாக மாறுவதற்கு எவையெல்லாம் தேவை என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

தூளியிலிருந்து தொழிற்சாலைக்கு

பெண்கள் வேலைக்குச் செல்வது அண்மைக்கால வழக்கம் என்ற கருத்து பரவலாக உள்ளது; வரலாறு அதற்கு இடம் தரவில்லை. நாற்று நடவும் களையெடுப்பும் பெண்களின் கைகளாலேயே நடந்த வயல்களில், வரப்போர மரக்கிளையில் சேலைத் தூளி கட்டிக் குழந்தையை உறங்கவைத்துவிட்டு, அது பசித்து அழும்போது கரையேறிப் பாலூட்டி, மீண்டும் சேற்றில் இறங்கிய தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து வந்தார்கள். நெசவாளர் வீடுகளில் தார் சுற்றும் வேலை ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே நடந்தது. அந்த உழைப்பு எளிதானதாகவோ நியாயமான கூலி பெற்றதாகவோ இருந்ததில்லை; ஆயினும் குழந்தை தாயின் கண்ணெட்டும் தூரத்தில் இருந்தது. சங்கு ஊதும் நேரத்துக்கு வாயிலைக் கடக்க வேண்டிய ஆலைகளும், பின்னர் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டிய அலுவலகங்களும் வந்தபோதுதான் உழைக்கும் இடமும் குழந்தை வளரும் இடமும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தன. வேலைக்குச் செல்லும் தாயின் இன்றைய இடர்ப்பாடு இந்தப் பிரிவிலிருந்து பிறந்தது.

இப்பிரிவால் எழும் சிக்கலை இந்தியச் சட்டம் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. 50 பேருக்கு மேல் பெண்கள் பணிபுரியும் தொழிற்சாலைகளில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு அத்தகைய கடமையை வகுத்தது. இலங்கை மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்துக்குப் 'பிள்ளைக் காம்பரா' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. தாயின் உழைப்பு தேவையென்றால் குழந்தையின் பாதுகாப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற எளிய கணக்கு அன்றே ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதற்கு இவை சான்று. அக்கணக்கு ஏட்டளவில் நின்ற இடங்களும் உண்டு என்பது வேறு துயரம்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி மிக நெருக்கமானது. இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இந்த ஒரே மாநிலத்தில் இருக்கின்றனர் என்பதை ஆண்டுத் தொழில் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்கள், ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளின் காலணித் தொழில், திருப்பெரும்புதூர், ஓசூர் வட்டாரங்களின் மின்னணு ஆலைகள் ஆகியவை பெண்களின் உழைப்பின் மேல் நிற்கின்றன. ஆசிரியப் பணி, செவிலியப் பணி, வங்கி, மென்பொருள் ஆகிய துறைகளில் இருப்பவர்கள் இவர்களுக்கு வெளியே தனிப் பெருந்தொகையினர்.

இரண்டாவது ஷிப்ட்

ஆலையிலோ அலுவலகத்திலோ வேலை முடித்து வீடு திரும்பும் பெண்ணுக்கு அங்கே இன்னொரு முழு வேலை காத்திருப்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்சைல்ட் 1989இல் வெளியிட்ட தம் நூலில் 'இரண்டாவது ஷிப்ட்' என்று பெயரிட்டு விளக்கினார். கணவனும் மனைவியும் சம்பாதிக்கும் குடும்பங்களுக்குள் சென்று கண்டு எழுதப்பட்ட அந்நூல், வெளியுலகில் பெண்ணின் நிலை மாறிய வேகத்துக்கு வீட்டுக்குள் வேலைப் பங்கீடு மாறவில்லை என்பதை எடுத்துக்காட்டியது.

அது இந்திய வீடுகளில் எவ்வாறு இருக்கிறது என்பதை அளக்கும் கருவி 'நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு' ஆகும். ஒருவர் ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் எந்தெந்தச் செயல்களில் செலவிட்டார் என்று கேட்டுப் பதிவுசெய்யும் முறை இது. இந்தியாவில் 1998–99இல் ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாக நடந்தபோது தமிழ்நாடும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. நாடு தழுவிய அளவில் முதன்முறையாக 2019இலும், பின்னர் 2024இலும் நடத்தப்பட்டது. 2019இல் ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். அவ்வாறு ஈடுபட்டவர்களே பெண்களில் 81.2 விழுக்காடாகவும் ஆண்களில் 26.1 விழுக்காடாகவும் இருந்ததால், உண்மையான இடைவெளி அந்த நிமிடக் கணக்கு காட்டுவதைவிடப் பெரியது. 2024இல் பெண்களின் சராசரி 289 நிமிடங்களாகக் குறைந்தது; ஆண்களின் சராசரியும் 88 நிமிடங்களாகக் குறைந்தது. ஐந்தாண்டுகளில் பெண்களுக்குக் கிடைத்த பத்து நிமிட விடுதலை, வீட்டு ஆண்கள் முன்வந்து சுமையைத் தாங்கியதால் வந்ததன்று என்பது இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தெளிவாகும்.

கருவிகள் வந்தால் சுமை குறையும் என்ற நம்பிக்கையும் முழுமையாக நிறைவேறவில்லை. கோயம்புத்தூரில் 1950களில் உருவான மாவரைக்கும் கிரைண்டர், ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து கைசலிக்கச் சுற்றிய மணி நேரங்களைப் பெண்களுக்கு மீட்டுத் தந்தது. 2011இல் தமிழ்நாட்டு அரசு மிக்சியையும் கிரைண்டரையும் விலையின்றி வழங்கத் தொடங்கியதற்கும் இதுவே நியாயமாகச் சொல்லப்பட்டது. அது மெய்யான நன்மை. எனினும், அமெரிக்க வரலாற்றாய்வாளர் ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ஆய்வு நூலில் விளக்கியதுபோல, வீட்டுக் கருவிகள் பெருகும்போது வீட்டாரின் எதிர்பார்ப்பும் உடன் பெருகிவிடுகிறது. பண்டிகைக்கும் விசேஷ நாளுக்கும் மட்டும் செய்த இட்லியும் தோசையும் அன்றாட உணவாயின. சலவை இயந்திரம் வந்தபின் ஒருமுறை உடுத்திய துணியெல்லாம் துவைக்க வேண்டியதாயிற்று. மீட்கப்பட்ட நேரம் மீண்டும் அதே வீட்டு வேலைக்குள் போய்ச் சேர்ந்தது.

நிமிடங்களால் அளக்க முடியாத இன்னொரு சுமையும் உண்டு. குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எந்த நாளில், பள்ளிக்கட்டணத்துக்குக் கடைசித் தேதி எது, மாமனாருக்கு இரத்த அழுத்த மாத்திரை எத்தனை மீதமிருக்கிறது, எரிவாயு உருளைக்கு எப்போது பதிவுசெய்ய வேண்டும், மறுநாள் இட்லிக்கு மாவு இருக்கிறதா என்றெல்லாம் இடைவிடாமல் நினைவில் வைத்துக்கொண்டு, உரிய நேரத்தில் உரியவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும் பொறுப்பை ஆய்வாளர்கள் 'மனச்சுமை' என்கின்றனர். சொன்ன வேலையை மறுக்காமல் செய்யும் கணவர் இருக்கும் வீட்டிலும், சொல்ல வேண்டியவர் மனைவியாகவே இருந்தால் இச்சுமையில் பங்கு பிரியவில்லை என்றே பொருள். எழுதவோ படிக்கவோ உட்காரும் தாய்க்கு நேரம் கிடைத்தாலும் மனம் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

தாய்மைக்குக் கொடுக்கும் விலை

தாயாவதால் பணி வாழ்வில் ஏற்படும் இழப்பைப் பொருளியலாளர்கள் துல்லியமாகக் கணக்கிட்டுள்ளனர். டென்மார்க்கின் அரசுப் பதிவுகளைக் கொண்டு ஹென்ரிக் கிளெவனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் குழந்தை பிறந்தபின் பெண்களின் வருவாய் ஆண்களோடு ஒப்பிட ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்து, நீண்டகாலம் அதே நிலையில் நின்றுவிடுகிறது. தந்தையான ஆண்களின் வருவாயில் அத்தகைய சரிவு காணப்படவில்லை. அரசு தரும் குழந்தைப் பராமரிப்பு வசதிகளுக்குப் பெயர்பெற்ற ஒரு நாட்டிலேயே நிலை இது.

2023ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பெற்ற கிளாடியா கோல்டின் இதற்கான காரணத்தைப் பணியின் அமைப்பிலேயே கண்டார். நினைத்த நேரத்தில் அழைத்தாலும் வரக்கூடியவருக்கு, வார இறுதியிலும் இரவிலும் உழைக்கக்கூடியவருக்கு, அந்த உழைப்பின் விகிதத்தைவிடவும் மிகுதியான ஊதியமும் உயர்வும் தரும் பணிகளை அவர் 'பேராசைப் பணிகள்' என்று அழைக்கிறார். சிறு குழந்தை உள்ள வீட்டில் இருவரும் அத்தகைய பணியில் இருக்க இயலாது; ஒருவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்றவுடன் புறப்படக்கூடிய பணியில் இருந்தாக வேண்டும்; பெரும்பாலும் அந்த ஒருவர் தாயாகவே இருக்கிறார். அன்றைய நிலையில் குடும்பத்துக்கு நன்மை தருவதாகத் தோன்றும் அம்முடிவு, பத்தாண்டுகள் கழித்துப் பார்க்கும்போது இருவரின் பதவிக்கும் ஊதியத்துக்கும் இடையே பெரும் பள்ளமாகிவிடுகிறது.

இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்பாளர் தொகுப்பில் இருப்போர் 2017–18இல் 23.3 விழுக்காடாக இருந்து 2023–24இல் 41.7 விழுக்காடாக உயர்ந்துள்ளனர் என்று அரசின் உழைப்பாளர் கணக்கெடுப்பு கூறுகிறது. இந்த உயர்வில் பெரும்பகுதி ஊரகங்களில், சுயதொழிலிலும் குடும்பத் தொழிலுக்கு ஊதியமின்றித் தரும் உழைப்பிலும் நிகழ்ந்தது என்பதால், மாதச் சம்பளமும் விடுப்பும் ஓய்வூதியமும் உள்ள பணி என்பது இன்னும் சிறுபான்மைத் தாய்மாருக்கே வாய்த்திருக்கிறது.

அவர்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு குறைவானதன்று. பம்பாய் மாகாணத்தில் 1929இல் தொடங்கிய மகப்பேறு சட்டங்களின் வரிசை, 1961இல் நாடு தழுவிய மகப்பேறு நலச் சட்டமாக வளர்ந்தது. அச்சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, முதல் இரு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் விதிக்கப்பட்டது. 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவ்விதிகளைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டு அரசு தன் பெண் ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பை 2016இல் ஒன்பது மாதங்களாகவும் 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதங்களாகவும் உயர்த்தியது. இரண்டு குழந்தைகள் என்ற வரம்பைக் காட்டி விடுப்பு மறுக்கப்பட்ட தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் 2025 மே மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மகப்பேறு விடுப்பு மகப்பேற்று உரிமைகளின் பிரிக்க முடியாத பகுதி என்று உறுதிசெய்தது.

இருப்பினும் இச்சட்டத்தில் இரண்டு இடைவெளிகள் உள்ளன. முதலாவது, செலவை யார் ஏற்பது என்பது. ஊழியர் அரசுக் காப்பீட்டுத் திட்டமாகிய இ.எஸ்.ஐ.யின் கீழ் வருபவர்களுக்கு, அதாவது பொதுவாக மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு, தொழிலாளரும் நிறுவனமும் செலுத்தும் சந்தாவிலிருந்து காப்பீட்டுக் கழகமே விடுப்புக்கால ஊதியத்தை வழங்குகிறது. அதற்கு மேற்பட்ட ஊதியத்தில் உள்ளவர்களுக்கு முழுச் செலவும் அந்தந்த நிறுவனத்தின் தலையில் விழுகிறது. இளம் பெண்களைப் பணிக்கு எடுக்கச் சிறு நிறுவனங்கள் தயங்குவதற்கு இது வழிவகுக்கிறது. இரண்டாவது இடைவெளி குழந்தையின் வயதில் இருக்கிறது. விடுப்பு முடியும்போது குழந்தைக்கு ஆறு மாதம் அளவில் ஆகியிருக்கும். அங்கன்வாடியிலோ மழலையர் பள்ளியிலோ சேர்க்க அதற்கு இரண்டு அல்லது மூன்று வயதாக வேண்டும். இரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ தாய்ப்பாலைத் தொடர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தும் அந்தக் காலத்தில்தான், குழந்தையை யாரிடம் விடுவது என்ற கேள்விக்கு விடையில்லாமல் பெண்கள் பலர் பணியைத் துறக்கின்றனர்.

குழந்தையை வைத்திருக்கும் கைகள்

தமிழ்க் குடும்பங்களில் அக்கேள்விக்கு வழக்கமான விடை பாட்டி. தாய்வழியோ தந்தைவழியோ ஒரு பாட்டியின் வலுவில்தான் எத்தனையோ ஆசிரியைகளும் செவிலியர்களும் வங்கி ஊழியர்களும் பணியில் நீடித்திருக்கின்றனர். மூட்டுவலியோடும் சர்க்கரை நோயோடும் பேரக்குழந்தையைத் தூக்கிச் சுமக்கும் அந்த முதிய பெண்ணின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஊதியமாக ஏறுவதில்லை. தன் பிள்ளைகளை வளர்த்து முடித்தபின் கோயில், குளம், உறவினர் வீடு என்று செல்ல நினைத்த அவருடைய கனவும் இரண்டாம் முறையாகத் தள்ளிப்போகிறது.

பாட்டி இல்லாத வீடுகளில் அந்த இடத்தை வீட்டுப் பணியாளர் நிரப்புகிறார். அவரும் பெரும்பாலும் ஒரு தாயே. நகரத்தின் அடுக்ககத்தில் இன்னொருவரின் குழந்தைக்குச் சோறூட்டும் நேரத்தில், அவருடைய குழந்தை அக்கம்பக்கத்தாரின் பொறுப்பிலோ மூத்த அக்காளின் இடுப்பிலோ இருக்கிறது. பராமரிப்பு இவ்வாறு வசதியுள்ள பெண்ணிடமிருந்து வசதி குறைந்த பெண்ணுக்குக் கைமாறிக்கொண்டே போவதை ஆர்லி ஹோக்சைல்ட் 'பராமரிப்புச் சங்கிலி' என்று குறிப்பிட்டார். அச்சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவருக்கு 26 வார விடுப்பும் இல்லை, காப்பகமும் இல்லை. தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைக்கப்பட்டதும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் கீழ் ஏழைத் தாய்மாருக்கு 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி கிடைப்பதும் ஆறுதல் அளிப்பவை. ஆனால் பிள்ளை பிறந்த சில வாரங்களில் வேலைக்குத் திரும்பியாக வேண்டிய நிலையை அவை முற்றிலும் மாற்றிவிடவில்லை. ஒரு பெண்ணின் சமநிலை இன்னொரு பெண்ணின் தோளில் ஏற்றப்பட்ட சுமையாக இருக்குமாயின், சிக்கல் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

கிண்டியில் படித்த ஒரு தாய்

குடும்பம், பணி, கனவு ஆகிய மூன்றும் ஒருவரின் வாழ்வில் கைகூடுவதற்கு எவையெல்லாம் வேண்டும் என்பதைச் சென்னையோடு தொடர்புடைய ஒரு வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது. 1919இல் சென்னையில் தெலுங்கு பேசும் குடும்பமொன்றில் பிறந்த அய்யலசோமயாஜுல லலிதாவுக்கு 15 வயதில் திருமணம் நடந்தது. 18 வயதில், மகளுக்கு நான்கு மாதமே ஆகியிருந்தபோது, கணவர் இறந்தார். கைம்பெண்கள் மூலையில் ஒடுங்கி வாழ்வதே முறை என்றிருந்த காலத்தில் அவர் மீண்டும் படிக்க விரும்பினார். இரவும் பகலும் எந்நேரமும் அழைப்பு வரக்கூடிய மருத்துவத் தொழில் குழந்தையை வளர்க்கும் தாய்க்கு ஒத்துவராது என்று கருதி, தந்தையும் உடன்பிறந்தோரும் இருந்த பொறியியல் துறையைத் தேர்ந்தெடுத்தார்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் அப்போது பெண்கள் இல்லை. அங்கு மின்பொறியியல் பேராசிரியராக இருந்த தந்தை பப்பு சுப்பாராவ் விண்ணப்பித்தார். கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோ அதை ஏற்று அரசின் ஒப்புதலைப் பெற்றார். ஒரே ஒரு மாணவியாக விடுதியில் தனித்திருந்த அவருக்குத் துணையாகப் பின்னர் பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகிய இருவர் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். மகளை உறவினர் பார்த்துக்கொள்ள, லலிதா 1943இல் பட்டம் பெற்று இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் ஆனார். ஆண்களை மட்டுமே எண்ணி அச்சிடப்பட்டிருந்த சான்றிதழில் ஆண்பால் சொல்லை அடித்துப் பெண்பால் சொல்லைக் கையால் எழுத வேண்டியிருந்தது. ஜமால்பூர் இரயில்வே பணிமனையிலும் சிம்லாவிலும் பணியாற்றியபின், 1948இல் கல்கத்தாவில் மின்பொறியியல் நிறுவனமொன்றில் சேர்ந்து, சகோதரரின் குடும்பத்தோடு தங்கியபடி மகளை வளர்த்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின்கருவிகளின் வடிவமைப்பில் அவருடைய உழைப்பும் சேர்ந்தது. 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், அறிவியலாளர்களின் முதல் பன்னாட்டு மாநாட்டில் அவர் கலந்துகொண்டார்.

லலிதாவின் மன உறுதியைப் போற்றுவது எளிது, போற்றவும் வேண்டும். அதே வேளையில் அந்த உறுதி வேர்பிடிக்கக் கிடைத்த நிலத்தையும் பார்க்க வேண்டும். விண்ணப்பத்தைக் கொண்டுசென்ற தந்தை, கதவைத் திறந்த முதல்வர், கைக்குழந்தையை ஏந்திய உறவுகள், வீட்டில் இடம் தந்த சகோதரர் குடும்பம், பெண்ணை அமர்த்திய நிறுவனம் ஆகிய அனைத்தும் ஒன்றுகூடியதால் அவருடைய கனவுக்கு நேரம் கிடைத்தது. அவரையொத்த அறிவும் ஆசையும் இருந்து, இந்தத் துணைகளில் ஒன்றோ இரண்டோ வாய்க்காததால் பெயரின்றிப் போன இளம் தாய்மார் எத்தனை பேர் என்ற எண்ணம் எழாமல் இந்த வாழ்க்கையைப் படித்து முடிக்க முடியாது.

கனவுக்கு உரிய இடம்

பணியும் கனவும் ஒன்றாகவே அமைவது சிலருக்கு மட்டும் கிடைக்கும் பேறு. பெரும்பாலான தாய்மாருக்குப் பணி என்பது வீட்டுக் கடனுக்கும் பள்ளிக் கட்டணத்துக்குமான வழி. கனவு அதற்கு வெளியே இருக்கிறது. திருமணத்தால் நின்றுபோன பட்டப்படிப்பைத் தொலைநிலைக் கல்வியில் முடிப்பது, தேர்வாணையத் தேர்வு எழுதுவது, சிறுவயதில் விட்ட வீணையை மீண்டும் எடுப்பது, சொந்தமாக ஒரு தையலகம் தொடங்குவது, கதை எழுதுவது, நீச்சல் பழகுவது என அவை பல வகைப்பட்டவை. குழந்தையின் பசிக்கும் மேலதிகாரியின் கெடுவுக்கும் உள்ள அவசரம் இவற்றுக்கு இல்லை. இன்று செய்யாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை என்பதாலேயே இவை நாளைக்குத் தள்ளப்படுகின்றன, நாளை என்பது பிள்ளைகள் கல்லூரி முடிக்கும் வரை நீள்கிறது.

தமிழ் எழுத்துலகம் இதற்கு இருவகைச் சான்றுகளையும் தருகிறது. 1901இல் பிறந்து ஐந்து வயதளவில் மணம் செய்துவைக்கப்பட்ட வை. மு. கோதைநாயகி அம்மாள், எழுதப் பழகாத நிலையில் தம் முதல் நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் சொல்லி எழுதவைத்தார். கணவர் பார்த்தசாரதியின் ஆதரவோடு 1925இல் 'ஜகன்மோகினி' இதழின் பொறுப்பை ஏற்று, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதி, விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் சென்றார். அவருக்கு எழுத்து வீட்டாரறிந்த, வீட்டார் மதித்த நேரத்தில் நடந்தது. மற்றொரு புறம், பள்ளிப் படிப்பு இடையில் நிறுத்தப்பட்டு, மணமாகிப் பிள்ளைகளுக்குத் தாயான துவரங்குறிச்சி சல்மா, வீட்டார் உறங்கியபின் மறைவாக எழுதித் தாளை ஒளித்துவைக்க வேண்டியிருந்ததை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இருவரும் தமிழுக்குப் பெரும் பங்களித்தவர்கள். ஆனால் திருடிய நேரத்தில் எழுதியவர் வென்றார் என்பதற்காக, எல்லாத் தாய்மாரும் நேரத்தைத் திருடித்தான் ஆக வேண்டும் என்று ஒரு சமூகம் எதிர்பார்ப்பது அறமாகாது.

இடைவெளி விழுந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்ற அச்சத்துக்கும் மறுப்பு உண்டு. சதுரங்க வீராங்கனை கோனேரு ஹம்பி 2017இல் தாயாகி, ஏறத்தாழ இரண்டாண்டு விலகியிருந்துவிட்டுத் திரும்பி, 2019இலும் 2024இலும் உலக மகளிர் விரைவுச் சதுரங்கப் பட்டத்தை வென்றார். ஆராய்ச்சித் துறையில் இடைவெளி விட்ட பெண்கள் திரும்பி வருவதற்கென்றே இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002–03இல் மகளிர் அறிவியலாளர் திட்டத்தைத் தொடங்கி ஆய்வு நிதி வழங்கியது. திரும்பி வரக் கதவு திறந்திருந்தால் இடைவெளி இழப்பாக நிலைப்பதில்லை என்பதையே இவை காட்டுகின்றன.

நேரத்தை ஒதுக்கும் வழி

வீட்டில் தொடங்க வேண்டிய மாற்றம் 'உதவி' என்ற சொல்லைக் கைவிடுவதில் இருக்கிறது. காய் நறுக்கித் தருவது உதவி; இரவு உணவு என்ற பொறுப்பையே, என்ன சமைப்பது, என்ன வாங்குவது, யார் கழுவுவது என்ற யோசனை உட்பட ஏற்பது பங்கு. குழந்தையின் மருத்துவம், பள்ளித் தொடர்பு, மளிகை போன்ற பொறுப்புகளை முழுமையாகப் பிரித்துக்கொள்ளும்போதுதான் மனச்சுமையும் பிரிகிறது. மகனும் மகளும் ஒன்றாகப் பாத்திரம் துலக்கி வளரும் வீட்டில் அடுத்த தலைமுறைக்கான விடை உருவாகிறது. தாயின் கனவுக்கான நேரம் வாரத்தில் மூன்று மணி நேரமாக இருந்தாலும், அது மருத்துவரைப் பார்க்கக் குறித்த நேரத்தைப் போல, மற்ற வேலைகள் அதற்கேற்ப நகர்ந்துகொள்ளும் நேரமாக இருக்க வேண்டும்.

பணியிடத்தின் கடமை, சட்டம் சொன்ன காப்பகத்தை அமைப்பதோடு முடியவில்லை. ஒருவர் இல்லாதபோது மற்றவர் அதே தரத்தில் வேலையைத் தொடரும்படி பணியை அமைத்தால் நீண்ட நேரம் இருப்பவருக்கே உயர்வு என்ற நிலை மறையும் என்பதை, அமெரிக்க மருந்தாளுநர் தொழிலைச் சான்றாக வைத்து கோல்டினும் லாரன்ஸ் காட்ஸும் விளக்கியுள்ளனர். அங்கு மருந்தாளுநர்கள் ஒருவருக்கொருவர் ஈடாகப் பணியாற்றும் முறை வளர்ந்தபோது ஆண், பெண் ஊதிய வேறுபாடு பெரிதும் சுருங்கியது. தந்தைக்கும் விடுப்பு வேண்டும். நடுவண் அரசின் ஆண் ஊழியர்களுக்கு 15 நாள் விடுப்பு உள்ளது. தனியார் துறையில் அத்தகைய விடுப்பைப் பொதுவாகக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. 1974இலேயே தாய், தந்தை இருவருக்குமான பெற்றோர் விடுப்பைக் கொண்டுவந்த சுவீடன், இன்று ஒவ்வொரு பெற்றோருக்கும் 90 நாட்களை மற்றவருக்கு மாற்ற முடியாதபடி ஒதுக்கியுள்ளது. விடுப்பு இருவருக்கும் உரியதானால், இளம் பெண்ணை மட்டும் செலவாகப் பார்க்கும் நிறுவனத்தின் கணக்கும் மாறும்.

அரசின் திட்டங்களையும் நேரத்தின் கண்ணால் பார்க்கலாம். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கிடைக்கும் கட்டணமில்லாப் பயணம், தொலைவிலுள்ள நல்ல வேலையை ஏற்கும் துணிவைத் தருகிறது. 2022இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் தாயின் பதற்றத்தில் ஒரு பங்கைக் குறைக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கி மாதம் 1,000 ரூபாய் வழங்கும் மகளிர் திட்டத்தில் 'உரிமைத் தொகை' என்ற பெயரே, வீட்டில் ஊதியமின்றி நடக்கும் உழைப்பை உழைப்பாக ஏற்றுக்கொள்வதாக அமைந்திருக்கிறது. எஞ்சியிருக்கும் பெரும்பணி, ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு, தாயின் வேலை நேரம் முழுவதும் திறந்திருக்கும் தரமான பொதுக் காப்பகங்களை ஊர்தோறும் அமைப்பது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியே அங்கன்வாடி இல்லாத ஊர் இல்லை என்னும் நிலையை எட்டிய தமிழ்நாட்டுக்கு, அக்கட்டமைப்பின் நேரத்தையும் வயது வரம்பையும் விரிப்பது எட்டாத இலக்கன்று. அங்குப் பணிபுரியும் பெண்களுக்கு அவ்விரிவுக்கேற்ற ஊதியம் தருவதும் அதில் அடங்கும். இல்லாவிட்டால் பராமரிப்புச் சங்கிலி இன்னொரு கண்ணி நீளும், அவ்வளவே.

இன்று பல வீடுகளில் தாய் மற்றவர்களோடு சேர்ந்து அமர்ந்து உண்கிறார்; அவருக்கும் ஒரு தட்டு முன்கூட்டியே வைக்கப்படுகிறது. எந்தச் சட்டமும் போடாமல், பசி எல்லோருக்கும் ஒன்றே என்பதை வீட்டார் உணர்ந்ததால் அந்த வழக்கம் வந்தது. நாளின் நேரத்தைப் பரிமாறும்போதும் அவருக்கென்று ஒரு தட்டு முதலிலேயே வைக்கப்படுமாயின், வேலைக்குச் செல்லும் தாயிடம் சமநிலையைப் பற்றி உபதேசிக்க வேண்டிய தேவை யாருக்கும் இராது.